வேதாகமத்தில் உறவுமுறைச் சொற்கள்: வாசிக்கவும் மொழிபெயர்க்கவும் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஆதியாகமம் 14:12 லோத்தை ஆபிராமின் சகோதரனுடைய குமாரன் என்கிறது. இரண்டு வசனம் தள்ளி, 14:14இல், அதே லோத்து ஆபிராமின் சகோதரன் ஆகிவிடுகிறான். இதில் முரண்பாடு இல்லை, எழுத்துப்பிழையும் இல்லை. எபிரெயத்தில் 'ஆக்' என்ற சொல் உடன்பிறந்தவனுக்கும் பொருந்தும், சகோதரன் மகனுக்கும் பொருந்தும், ஒரே குலத்தானுக்கும் பொருந்தும்.

தமிழ் உறவுச் சொற்கள் இவ்வளவு தாராளமானவை அல்ல. அண்ணன் என்றால் மூத்தவன், தம்பி என்றால் இளையவன். தந்தையின் சகோதரனைச் சித்தப்பா என்றதும் அவர் தந்தையைவிட வயதில் சிறியவர் என்பதும் சேர்ந்தே வந்துவிடும். அத்தை மகன், மாமன் மகள் என்றால் மணமுறையும் கூடவே வரும். மூலத்தில் இல்லாத தகவலைத் தமிழ்ச் சொல் சத்தமில்லாமல் சேர்த்துவிடுகிறது என்பதுதான் இந்த வேலையின் மையச் சிக்கல். பாடம் நடத்துகிறவர், பிரசங்கம் தயாரிக்கிறவர், குழந்தைகளுக்கு வேதக் கதை எழுதுகிறவர், மொழிபெயர்க்கிறவர் என எல்லாருக்கும் இது பொது.

கையில் வேண்டியவை

வரிக்கு வரி மூலச் சொல்லைக் காட்டும் ஒரு பதிப்பு வேண்டும், அல்லது ஸ்ட்ராங் எண்கள் (மூலச் சொல் ஒவ்வொன்றுக்கும் தரப்பட்ட வரிசை எண்) உள்ள ஒத்துவாக்கிய அகராதி வேண்டும். எபிரெயம், கிரேக்கம் தெரியாதவர்களும் எண்ணை வைத்து ஒரே சொல் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று தேடலாம். முதலில் இந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எபிரெயத்தில் 'ஆப்' (தந்தை) 1, 'ஆக்' (சகோதரன்) 251, 'பென்' (மகன்) 1121, 'தோத்' (தந்தையின் சகோதரன்) 1730. கிரேக்கத்தில் 'அடெல்ஃபோஸ்' (சகோதரன்) 80, 'அனெப்சியோஸ்' (பெற்றோரின் உடன்பிறந்தார் பிள்ளை) 431, 'சுங்கெனிஸ்' (உறவினர்) 4773. எபிரெய எண்களும் கிரேக்க எண்களும் தனித்தனி வரிசைகள் என்பதை மறக்க வேண்டாம். எபிரெய 80ம் கிரேக்க 80ம் வேறு வேறு சொற்கள்.

இவற்றோடு இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகளும், சொல்லுக்குச் சொல் போகும் வேற்றுமொழிப் பதிப்பு ஒன்றும் போதும். வம்ச மரம் வரைய ஒரு வெள்ளைத்தாள் வேண்டும். இந்தத் தாளைத் தவிர்க்கிறவர்கள்தான் அதிகம் தவறுகிறார்கள்.

படி 1: யார் யாருக்கு உறவு என்று பிரித்து எழுதுங்கள்

வசனத்தில் இரண்டு பெயரும் ஓர் உறவுச் சொல்லும் இருந்தால், அந்தச் சொல் யாரோடு ஒட்டுகிறது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். நியாயாதிபதிகள் 1:13இல் 'கேனாசின் குமாரன் ஒத்னியேல், காலேபின் இளைய சகோதரன்' என்ற அமைப்பு வருகிறது. இளைய சகோதரன் ஒத்னியேலா, கேனாசா? எபிரெய வாக்கியம் இரண்டுக்கும் இடம் தருகிறது. 1 சாமுவேல் 14:50இல் சவுலின் 'தோத்' அப்னேரா, அவன் தகப்பன் நேரா என்பதும் இதே வகைக் கேள்வி. அங்கே அடுத்த வசனம் ஓரளவு உதவுகிறது: கீசும் நேரும் அபியேலின் மக்கள் என்று அது சொல்வதால், நேர் சவுலின் தந்தைக்குச் சகோதரன் என்று வாசிக்கலாம். ஆனால் 1 நாளாகமம் 8:33 நேரைக் கீசின் தகப்பன் என்கிறது. இப்படி இரண்டு நூல்கள் வேறுவேறாகச் சொன்னால் ஒன்றை இழுத்து மற்றதோடு பொருத்த வேண்டாம். அந்தந்த நூலில் உள்ளதை அப்படியே வைத்து, வேறுபாட்டை அடிக்குறிப்பில் சொல்லுங்கள்.

கிரேக்கத்தில் சிக்கல் வேறு உருவில் வரும். 'யாக்கோபின் யூதா' (லூக்கா 6:16), 'கிலெயோப்பாவின் மரியாள்' (யோவான் 19:25) என்று வேற்றுமை உருபு மட்டும் நிற்கும், உறவுச் சொல்லே இருக்காது. மகனா, சகோதரனா, மனைவியா, மகளா என்பதை மொழிபெயர்ப்பாளர் ஊகிக்கிறார். யூதா விஷயத்தில் சில பதிப்புகள் சகோதரன் என்றும் பல புதிய பதிப்புகள் மகன் என்றும் எழுதுவதற்குக் காரணம் இதுதான். அந்த யோவான் வசனத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. இயேசுவின் தாயின் சகோதரியும் கிலெயோப்பாவின் மரியாளும் ஒரே பெண்ணா, இருவரா? சிலுவையருகே நின்றவர்கள் மூவரா, நால்வரா என்பது ஒரு காற்புள்ளியில் தொங்குகிறது.

படி 2: மூலச் சொல்லின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள்

'பென்' மகன் மட்டுமல்ல, பேரன், வழித்தோன்றல் எல்லாம்தான். ஆதியாகமம் 29:5 லாபானை நாகோரின் குமாரன் என்கிறது. 24ஆம் அதிகாரத்தின்படி அவன் பெத்துவேலின் மகன், நாகோருக்குப் பேரன். அத்தாலியாள் 2 இராஜாக்கள் 8:18இல் ஆகாபின் குமாரத்தி, 8:26இல் ஆகாபின் தந்தை உம்ரியின் குமாரத்தி. 'ஆப்' மேல்நோக்கி இதே வேலையைச் செய்கிறது: 2 சாமுவேல் 9:7இல் மேவிபோசேத்திடம் தாவீது 'உன் தகப்பனாகிய சவுல்' என்கிறான், சவுல் அவனுக்குத் தாத்தா. தானியேல் 5இல் நேபுகாத்நேச்சார் பெல்ஷாத்சாருக்குத் தகப்பன் எனப்படுகிறான். பாபிலோனிய ஆவணங்களின்படி பெல்ஷாத்சாரின் தந்தை நபோனிதஸ். இந்த அகலம் தெரிந்தவர் முன்னோன் என்றோ அரசமரபில் முன்னவன் என்றோ கொள்ள இடம் உண்டு என்பதைக் காண்பார்.

மத்தேயு 1:8 இந்தப் பழக்கத்தின் எல்லையைக் காட்டுகிறது. யோராம் உசியாவைப் பெற்றான் என்று எழுதியிருக்கிறது. 1 நாளாகமம் 3:11-12ஐ வைத்துப் பார்த்தால் இடையில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்ற மூவர் விடப்பட்டிருக்கிறார்கள். எனவே 'பெற்றான்' என்பதும் தலைமுறை தாண்டும். வம்சப் பட்டியலின் ஆண்டுகளைக் கூட்டி வரலாற்றுத் தேதி எடுக்க முனைகிறவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும்.

'தோத்' பெரும்பாலும் தந்தையின் சகோதரன். தாயின் சகோதரனுக்கு எபிரெயத்தில் இப்படித் தனிச்சொல் கையாளப்படுவதில்லை, 'தாயின் சகோதரன்' என்று சொற்றொடராகவே வரும். லாபான் யாக்கோபுக்கு அப்படித்தான் அறிமுகமாகிறான். உன்னதப்பாட்டில் 'நேசர்' என்று தமிழில் வருவதும் இதே 'தோத்'தான் என்பதால், எண்ணை மட்டும் தேடி வரும் பட்டியலைச் சூழலோடு வாசியுங்கள்.

சில இடங்களில் எபிரெயம் தமிழைவிடக் கூர்மையானது. மனைவியின் தந்தை 'கோதேன்', கணவனின் தந்தை 'காம்'. தமிழில் இருவரும் மாமனார். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் எத்திரோ மோசேயின் 'மாமன்' (யாத்திராகமம் 3:1). இன்றைய வாசகர் காதில் இது தாய்மாமனாக விழ வாய்ப்பு அதிகம். 'மாமனார்' என்று எழுதினால் சிக்கல் தீரும்.

சொல்லின் வேரை ஆதாரமாக்க வேண்டாம். 'அடெல்ஃபோஸ்' என்பதன் வேர் ஒரே கருப்பை என்று பொருள்படும், ஆகவே அது உடன்பிறந்தவரை மட்டும் குறிக்கும் என்ற வாதம் அடிக்கடி கேட்கிறது. நம் 'சகோதரர்' என்ற சொல்லின் வேரும் அதே பொருளுடையதுதான். ஆனாலும் ஒரு கூட்டத்தையே சகோதரர்களே என்று அழைக்கிறோம். ஆதியாகமம் 13:8இல் ஆபிராமும் லோத்தும் சகோதரர் என்ற இடத்தில் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு 'அடெல்ஃபோஸ்' என்றே போட்டிருக்கிறது. புதிய ஏற்பாட்டு நிருபங்களில் இதன் பன்மை பெண்களையும் உள்ளடக்கும். பிலிப்பியர் 4:1இல் சகோதரரை விளித்த பவுல், அடுத்த வசனத்திலேயே எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரு பெண்களிடம் பேசுகிறார்.

படி 3: இருவரைப் பற்றிய எல்லா வசனங்களையும் சேர்த்து மரம் வரையுங்கள்

ஒரே வசனத்தை வைத்து உறவைத் தீர்மானிக்காதீர்கள். மரத்தின் ஒவ்வொரு கோட்டின் மேலும் வசன எண்ணை எழுதுங்கள். எண் எழுத முடியாத கோடு ஊகம், அதைப் புள்ளிக்கோடாகப் போடுங்கள்.

சிதேக்கியாவை எடுத்துக்கொள்ளலாம். 2 நாளாகமம் 36:10 எபிரெயத்தில் அவன் யோயாக்கீனின் 'ஆக்'. 2 இராஜாக்கள் 24:17இல் அதே யோயாக்கீனுக்கு 'தோத்'. எரேமியா 37:1 அவனை யோசியாவின் குமாரன் என்கிறது. யோயாக்கீனின் தந்தை யோயாக்கீமும் யோசியாவின் மகன்தான். ஆக, சிதேக்கியா யோயாக்கீனுக்குத் தந்தையின் சகோதரன், நாளாகமத்தின் 'ஆக்' உறவினன் என்ற பொருளில் நிற்கிறது. இனி தமிழ்க் கேள்வி: பெரியப்பாவா, சித்தப்பாவா? கணக்குப் போடலாம். யோயாக்கீம் 25 வயதில் அரசனாகி 11 ஆண்டு ஆண்டான் (2 இராஜாக்கள் 23:36), முடிவில் ஏறக்குறைய 36. யோயாக்கீன் மூன்று மாதம் ஆண்டபின் அரசனான சிதேக்கியாவுக்கு வயது 21 (24:18). எனவே சிறிய தகப்பன் என்று உறுதியாக எழுதலாம், அந்த முடிவு வசனங்களிலிருந்தே வருகிறது.

இதே 'தோத்' எரேமியா 32:7இலும் வருகிறது. எரேமியாவின் 'தோத்' சல்லூமின் மகன் அனாமெயேல் நிலத்தை விற்க வருகிறான். சல்லூமின் வயதைப் பற்றியோ எரேமியாவின் தந்தை இல்க்கியாவின் வயதைப் பற்றியோ எந்தக் குறிப்பும் இல்லை. பெரிய தகப்பன் என்றாலும் சிறிய தகப்பன் என்றாலும் அது நம் கைச்சரக்கு. 'தகப்பனின் சகோதரன்' என்று எழுதினால் நீளமாக இருக்கும், ஆனால் பொய் இருக்காது. அதே அதிகாரம் 12ஆம் வசனத்தில் மரபான எபிரெயப் பாடம் அனாமெயேலையே 'தோத்' என்கிறது. கிரேக்கத்தில் 'மகன்' என்ற சொல் சேர்ந்திருக்கிறது. பாடபேதம் (பழைய பிரதிகளுக்குள் சொல் வேறுபாடு) இருக்கும் இடத்தில் மரம் குழம்பினால் உங்கள் கணக்கில் குறை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சேமும் யாப்பேத்தும் இன்னொரு நல்ல பயிற்சி. ஆதியாகமம் 10:21இல் 'மூத்தவன்' என்ற சொல் சேமைக் குறிக்கிறதா யாப்பேத்தையா என்பதில் ஆங்கிலப் பதிப்புகளே பிரிகின்றன. எண்களைப் பாருங்கள். நோவா 500 வயதில் பிள்ளைகளைப் பெற்றான் (5:32), வெள்ளம் வந்தபோது அவனுக்கு 600 (7:6). வெள்ளத்துக்கு இரண்டு ஆண்டு கழித்துச் சேமுக்கு 100 (11:10). அப்படியானால் சேம் பிறந்தபோது நோவாவுக்கு ஏறக்குறைய 502. 9:24 காமை இளையவன் என்கிறது. 500ஐ முழு எண்ணாகச் சுருக்கிச் சொன்னதாகக் கொள்ளாவிட்டால், யாப்பேத்து மூத்தவன். கணக்கு எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது என்பதையும் சேர்த்தே எழுதிவையுங்கள்.

படி 4: தமிழ்ச் சொல் என்ன சேர்க்கிறது என்று சோதியுங்கள்

ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். யார் மூத்தவர் என்று சொல்கிறதா? தாய் வழியா தந்தை வழியா என்று சொல்கிறதா? மணக்கலாமா கூடாதா என்று சொல்கிறதா? மூன்றில் எதற்காவது ஆம் என்றால், அந்தத் தகவல் உங்கள் மரத்தில் வசன எண்ணோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

மூப்பு பல இடங்களில் தெளிவு. ஆரோனுக்கு 83, மோசேக்கு 80 (யாத்திராகமம் 7:7). லேயாள் மூத்தவள், ராகேல் இளையவள் (ஆதியாகமம் 29:16). இங்கெல்லாம் அண்ணன், அக்காள், தங்கை என்று தயங்காமல் எழுதலாம். பேதுருவும் அந்திரேயாவும் அப்படியல்ல. மார்த்தாளும் மரியாளும் அப்படியல்ல, மார்த்தாள் வீட்டுப் பொறுப்பைச் சுமப்பதை வைத்து அவளை அக்காள் ஆக்குவது வழக்கமாகிவிட்டது, லூக்கா அதைச் சொல்லவில்லை. சிறுவர் கதைகளில் இந்தத் தவறு எளிதாகப் புகுந்துவிடுகிறது, ஏனென்றால் பேச்சுத்தமிழில் 'சகோதரி' என்று யாரும் சொல்வதில்லை. அங்கே 'அவளோடு பிறந்தவள்' போன்ற வழியைத் தேடுங்கள், அல்லது உறவுச் சொல்லை விட்டுப் பெயரை மட்டும் திரும்பச் சொல்லுங்கள்.

வேறு மொழிகளுக்கு வேறு நெருக்கடி. பப்புவா நியூ கினியின் டோக் பிசினில் வழக்கமான பயன்பாட்டின்படி 'பிராத்தா' பேசுபவரின் அதே பாலினத்து உடன்பிறப்பு, 'சூசா' எதிர்ப்பாலினத்து உடன்பிறப்பு. மரியாள் மார்த்தாளுக்கு 'பிராத்தா' ஆகிறாள்! எந்த மொழியும் உறவை வெறுமனே பிரதி எடுப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

மாற்கு 6:3 மிகுந்த கவனம் கேட்கும் இடம். யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் ஆகியோர் இயேசுவின் 'அடெல்ஃபோய்' ('அடெல்ஃபோஸ்' என்பதன் பன்மை). நான்காம் நூற்றாண்டிலிருந்தே மூன்று விளக்கங்கள் நிலவுகின்றன, ஒவ்வொன்றும் அக்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர் ஒருவரின் பெயரோடு. ஹெல்விடியஸ் கூற்றில் இவர்கள் யோசேப்புக்கும் மரியாளுக்கும் பின்னர் பிறந்தவர்கள். எபிபானியுஸ் கூற்றில் யோசேப்பின் முந்தைய மணத்துப் பிள்ளைகள், கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் மரபு இதைப் பின்பற்றுகிறது. ஹெல்விடியஸை மறுத்து ஏறக்குறைய 383இல் எழுதிய ஜெரோம், இவர்கள் மரியாளின் சகோதரியின் பிள்ளைகள் என்றார். கத்தோலிக்க மரபில் அது வேரூன்றியது. இப்போது தமிழில் 'தம்பிமார்' என்று எழுதினால் ஹெல்விடியஸ் பக்கம் சாய்ந்துவிட்டீர்கள். 'அண்ணன்மார்' என்றால் எபிபானியுஸ் பக்கம். 'உடன்பிறந்தவர்கள்' என்றாலும் பெரும்பாலான வாசகருக்கு முடிவு சொல்லியாகிவிட்டது. 'சகோதரர்' என்பதே மூவருக்கும் இடம் விடுகிறது. தமிழில் தாயின் சகோதரி பிள்ளைகளும் அண்ணன் தம்பியாகவே எண்ணப்படுவதால், ஜெரோமின் விளக்கம் ஆங்கில வாசகரைவிட நமக்கு இயல்பாகப் புரியும். ஆனால் புரிகிறது என்பது அது சரி என்பதற்குச் சான்றாகாது, தவறு என்பதற்கும் ஆகாது. உங்கள் சபையின் போதனையை விளக்கவுரையில் தாராளமாகச் சொல்லுங்கள், வசனத்துக்குள் வைக்காதீர்கள்.

மணமுறை இன்னும் நுட்பமானது. யாக்கோபு ராகேலை மணப்பதைத் தமிழ் வாசகர் மாமன் மகளை மணப்பதாக வாசித்து, முறைப்பெண் என்று முடித்துவிடுவார். அந்தக் குடும்பத்தின் மற்றத் திருமணங்களை மரத்தில் போட்டுப் பாருங்கள். நாகோர் தன் சகோதரன் ஆரானின் மகள் மில்க்காளை மணந்தான் (ஆதியாகமம் 11:29), தமிழில் மகள் முறை. ரெபெக்காள் ஈசாக்கின் தந்தையுடைய சகோதரனின் மகன் வயிற்றுப் பேத்தி, அதுவும் மகள் முறை. ஏசா இஸ்மவேலின் மகளை மணந்தான் (28:9), தங்கை முறை. செலொப்பியாத்தின் குமாரத்திகள் தந்தையின் சகோதரர் மக்களை மணந்தார்கள் (எண்ணாகமம் 36:11). அங்கே இயங்கும் விதி சொந்த வம்சத்துக்குள், கோத்திரத்துக்குள் மணப்பது. எனவே 'முறைப்பெண்', 'கொழுந்தி', 'மச்சான்' போன்ற சொற்களை இந்தக் கதைகளில் இறக்கினால், மூலம் அறியாத ஒரு விதியை இறக்கியதாகும். ஏசா கதையில் 'தங்கை' என்று எழுதினால் வாசகர் அதிர்ச்சியடைவார், அந்த அதிர்ச்சியும் மூலத்தில் இல்லை. 'தகப்பனின் சகோதரன் மகள்' என்ற விரிவே பாதுகாப்பு.

எஸ்தர் விஷயத்தில் பரவலான ஒரு தவறைத் திருத்திக்கொள்ளுங்கள். மொர்தெகாய் அவளுக்கு மாமாவோ சித்தப்பாவோ அல்ல. எஸ்தர் 2:7, 2:15 இரண்டின்படியும் எஸ்தரின் தந்தை மொர்தெகாய்க்குத் 'தோத்'. ஆக அவன் அவளுக்கு அண்ணன் முறை. உல்காத்தா என்ற பழைய லத்தீன் மொழிபெயர்ப்பு 2:7இல் 'சகோதரனின் மகள்' என்று எழுதியிருப்பது இந்தக் குழப்பத்துக்கு ஓர் ஊற்று. கொலோசெயர் 4:10இலும் இதேபோல் நடந்தது. மாற்கு பர்னபாவுக்கு 'அனெப்சியோஸ்' என்பதைப் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு சகோதரி மகன் ஆக்கியது, பெஷித்தா என்ற சீரிய மொழிபெயர்ப்பு 'தந்தையின் சகோதரன் மகன்' ஆக்கியது. நம் பழைய மொழிபெயர்ப்பு 'இனத்தான்' என்று நின்றுகொண்டது, மூலத்தைவிடச் சற்று அகலம் என்றாலும் இல்லாததைச் சேர்க்கவில்லை.

தமிழ் அப்படியே பொருந்தும் இடங்களும் உண்டு. ரூத் 1:15இல் ஓர்பாள் ரூத்துக்கு 'யெபேமெத்', அதாவது கணவனின் சகோதரன் மனைவி. ஓரகத்தி என்ற சொல் இதற்குக் கச்சிதம்.

படி 5: விளியும் மரபுத்தொடரும் உறவு அல்ல

நாகமானின் ஊழியர் அவனை 'தகப்பனே' என்கிறார்கள் (2 இராஜாக்கள் 5:13), மரியாதைக்காக. ஈராம் சாலொமோனை 'சகோதரனே' என்பது (1 இராஜாக்கள் 9:13) அரசருக்குள் சமநிலை. போவாஸ் ரூத்தை 'மகளே' என்பது வயதும் கரிசனையும். ரூத் 4:3இல் அவன் எலிமெலேக்கை 'நம்முடைய சகோதரன்' என்பதை வைத்து அவனைக் கூடப்பிறந்தவன் ஆக்க முடியாது. உன்னதப்பாட்டு 4:9 காதலியைச் 'சகோதரி' என்கிறது. தமிழில் இது உறுத்தும், ஆனாலும் நீக்காமல் அடிக்குறிப்பு தருவதே நேர்மை. யோவான் 2:4இல் இயேசு தாயை விளிப்பதைப் பழைய மொழிபெயர்ப்பு 'ஸ்திரீயே' என்றும் பொது மொழிபெயர்ப்பு 'அம்மா' என்றும் தருகின்றன. கிரேக்கச் சொல்லில் அவமரியாதை இல்லை, ஆனால் அது தாய் என்ற உறவுச் சொல்லும் இல்லை. இரண்டு தமிழ்ச் சொற்களுமே ஏதோ ஒன்றை இழக்கின்றன.

'அப்பா, பிதாவே' (மாற்கு 14:36) என்பதில் உள்ள அரமேயச் சொல் தமிழ் அப்பாவைப்போல ஒலிப்பது தற்செயல். வளர்ந்த பிள்ளைகளும் பயன்படுத்திய சொல் அது, மழலைச் சொல் என்று பிரசங்கத்தில் விரிக்க வேண்டாம்.

'இன்னதின் மகன்' என்பது எபிரெயத்தில் தன்மையையும் வயதையும் கூட்டத்தையும் குறிக்கும் வாய்பாடு. தீர்க்கதரிசிகளின் புத்திரர் (2 இராஜாக்கள் 2:3) தீர்க்கதரிசிகளின் குழுவினர். ஆபிரகாம் 'நூறு வருடத்தின் மகன்' என்றால் அவனுக்கு நூறு வயது. லூக்கா 10:6இல் 'சமாதானத்தின் மகன்' என்பதைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'சமாதான பாத்திரன்' என்று எழுதியது அருமையான தீர்வு. ஆனால் மனுஷகுமாரன், தேவகுமாரன், தாவீதின் குமாரன் ஆகியவற்றை இப்படி அவிழ்க்கக் கூடாது. வேதாகமம் முழுவதும் ஓடும் நூல்கள் அவை, ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் அறுந்துபோகும்.

படி 6: பிறர் காதில் சோதியுங்கள்

எழுதி முடித்த பகுதியை, கதை தெரியாத மூன்று நான்கு பேருக்கு வாசித்துக் காட்டுங்கள். யார் மூத்தவர், எந்த வழி உறவு, இவர்கள் மணக்கலாமா என்று கேளுங்கள். பதில் உடனே வந்து, அதற்கு உங்கள் மரத்தில் வசன எண் இல்லையென்றால், அந்தச் சொல்லை மாற்றுங்கள். 'தெரியவில்லையே' என்ற பதில் வந்தால், மூலத்திலும் தெரியாதபோது, அதுவே சரியான மொழிபெயர்ப்பு.

முடிவுகளை ஒரு பட்டியலில் வையுங்கள்: வசனம், மூலச் சொல், தேர்ந்த தமிழ்ச் சொல், காரணம். ஆதியாகமத்தில் எடுத்த ஒரு முடிவைப் பிந்தைய நூல்களுக்கு வரும்போது நினைவில் வைத்திருக்க முடியாது. குழுவாக வேலை செய்தால் இந்தப் பட்டியல் ஒருவர் கையில் மட்டும் இருக்க வேண்டும், மாற்றங்கள் அவர் வழியாகவே போக வேண்டும்.